பழைய கேசட்டுக்குப் புதுப் பெட்டியில் இடமுண்டா?

புதுப் பெட்டி வாங்கினால் பழைய விளையாட்டுகள் அதில் ஓடுமா? ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து கிள்ளான் வரை, பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்படும் கேள்வி இது. தொழில்நுட்பம் வளர வளர விடை சுலபமாகியிருக்க வேண்டுமே என்று நேயர்கள் நினைக்கலாம். நடந்தது வேறு. ஓடுவதா வேண்டாமா என்பதைப் பல நேரங்களில் தீர்மானித்தது தயாரிப்பாளரின் செலவுக் கணக்குதான்.

1983 ஜூலையில் ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாமை வெளியிட்டது. அதன் கேசட்டுக்கு 60 முனைகள். ஆனால் மலேசியாவில் பலருக்குப் பழக்கமான பெயர் மைக்ரோ ஜீனியஸ். ஃபேமிகாமைப் பார்த்துத் தைவானில் செய்த பெட்டி. அதுவும் அதே 60 முனைக் கேசட்டையே ஏற்றுக்கொண்டது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வந்து சொருகினாலும் ஓடும். வேடிக்கை என்னவென்றால், 1990 நவம்பரில் சூப்பர் ஃபேமிகாம் வந்தபோது நிண்டெண்டோவே தன் பழைய கேசட்டைக் கைவிட்டது. புதிய சில்லு பழைய சில்லின் வம்சத்தில் வந்ததுதான். இருந்தும் கேசட் பொருந்தவில்லை. அசல் கைவிட்டதை நகல்கள் கட்டிக் காத்தன.

இதற்கு நேர்மாறான வழியில் போனது சோனி. 2000 மார்ச்சில் ஜப்பானில் வெளியான பிளேஸ்டேஷன் 2, முந்தைய பிளேஸ்டேஷனின் வட்டுகளையும் ஓட்டியது. எப்படி? முதல் ரகங்களில் பழைய பெட்டியின் மையச் சில்லே உள்ளே குடியிருந்தது. புது விளையாட்டின்போது கைப்பிடி, நினைவட்டை போன்ற எடுபிடி வேலைகளைப் பார்க்கும். பழைய வட்டைப் போட்டால் மீண்டும் முதலாளியாகிவிடும்! கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. அந்தப் பெட்டி பின்னாளில் 16 கோடிக்கு மேல் விற்றது.

நம் வட்டாரத்தில் மட்டும் இதில் ஒரு முடிச்சு விழுந்தது. அன்று இரவுச் சந்தையிலும் பேரங்காடியிலும் மலிந்து கிடந்தவை போலி வட்டுகள். மலேசியா 2000-ஆம் ஆண்டிலேயே ஒளிவட்டுச் சட்டம் இயற்றி, வட்டுத் தொழிற்சாலைகளுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது இந்தப் பின்னணியில்தான். பழைய பெட்டிக்குள் கடைக்காரர் ‘சிப்’ வைத்துக் கொடுத்தால்தான் போலி வட்டு ஓடும். புதுப் பெட்டியும் பழைய வட்டை அசலா என்று சோதித்தது. ஆகவே சோனி கொடுத்த சலுகை அசல் வட்டு வைத்திருந்தவருக்குத்தான். மற்றவர்கள் மறுபடியும் சிப்புக்குப் பணம் கட்ட வேண்டியதாயிற்று.

2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3 வந்தபோதும் முந்தைய தலைமுறையின் சில்லுகள் உள்ளே இருந்தன. விலையோ எக்கச்சக்கம். செலவைக் குறைக்கக் கை வைத்த இடங்களில் அந்தச் சில்லுகளும் ஒன்று. 2007 இறுதியில் வந்த 40 ஜிபி ரகத்தில் பிளேஸ்டேஷன் 2 வட்டுகள் ஓடவே இல்லை. முடியாமல் போனதல்ல, வேண்டாமென்று எடுத்தது. 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4-க்கு மட்டும் நியாயமான காரணம் இருந்தது. சில்லின் அமைப்பே மாறிவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2015-இல் மென்பொருள் வழியாகவே பழைய எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுகளைப் புதிய பெட்டியில் ஓட வைத்தது. ஆனால் அந்தப் பட்டியலில் 2021 நவம்பருக்குப் பிறகு புதிதாக எதுவும் சேராது என்று அறிவித்துவிட்டது.

சரி, பழைய பெட்டியையே வைத்துக்கொண்டால் என்ன? அங்கேயும் சிக்கல். அன்றைய வாத்துச் சுடும் துப்பாக்கி, குழாய்த் திரைத் தொலைக்காட்சியின் ஒளியைப் பார்த்து வேலை செய்தது. இன்றைய தட்டைத் திரையில் எத்தனை முறை சுட்டாலும் வாத்து விழாது.

2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5, முந்தைய தலைமுறையின் 4,000-க்கு மேற்பட்ட விளையாட்டுகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஓட்டுகிறது. ஆனால் அதன் ஒரு ரகத்தில் வட்டு போடும் இடமே கிடையாது. அலமாரியில் அடுக்கிய வட்டுகள் அதற்கு உதவா. 2025 ஜூனில் வெளியான நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-உம் பெரும்பாலான பழைய ஸ்விட்ச் அட்டைகளை ஏற்கிறது. அதற்கென வரும் புது அட்டைகள் சிலவற்றிலோ விளையாட்டே இல்லை, வெறும் சாவிதான். இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். இதே நிண்டெண்டோ 2023 மார்ச் 27-ஆம் தேதி தன் 3டிஎஸ், வீ யூ பெட்டிகளுக்கான இணையக் கடையில் விற்பனையை நிறுத்தியது. சாவி அட்டைக்கு வெள்ளி கொடுப்பவர்கள் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது, அந்தச் சாவி எத்தனை ஆண்டுக்குத் திறக்கும் என்பதைத்தான்.