நிறுத்திக் கேட்கும் கச்சேரி

பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும் இசைப் பட்டறையும் சிறு கச்சேரியும் சபாக் கச்சேரியிலிருந்து ஒரு முக்கியமான வகையில் வேறுபடும். சபாவில் பாடகரை யாரும் நிறுத்த முடியாது. வளாகத்தில் நிறுத்தலாம். "இப்போது பாடியதை இன்னொரு முறை பாடுங்கள்" என்று முன்வரிசை மாணவர் கேட்கலாம். பாடகர் அதே பிடியைப் பாதி வேகத்தில் பாடிக் காட்டுவார். எந்த ஸ்வரத்தில் அசைவு வந்தது, எங்கே தாளத்தைத் தாண்டி எடுத்தார் என்று விளக்குவார். செயல்முறை விளக்கம், விளக்கக் கச்சேரி என்றெல்லாம் இதற்குப் பெயர் உண்டு. இசை வட்டாரத்தில் 'லெக்-டெம்' என்றால் எல்லோருக்கும் புரியும். தமிழிசை வரலாற்றில் இந்தச் சிறு வடிவத்துக்கு நூறாண்டைத் தாண்டிய வயது.

முன்னோடி மாநாடுகள்

பல்கலைக்கழகங்கள் இசையைக் கையில் எடுப்பதற்கு முன்பே பேச்சும் பாட்டும் கலந்த அரங்கு தஞ்சாவூரில் உருவாகிவிட்டது. மருத்துவரும் இசை ஆய்வாளருமான ஆபிரகாம் பண்டிதர் 1912 முதல் அங்கே இசை மாநாடுகளைத் தம் சொந்தச் செலவில் கூட்டினார். வித்துவான்கள் பாடிவிட்டுப் போகும் கூட்டங்களாக அவை இருக்கவில்லை. ஒரு ஸ்தாயியில் எத்தனை சுருதிகள் என்ற கேள்வி அவற்றில் வாதத்துக்கு வந்தது. 1916இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டில் பண்டிதர் தம் கருத்தைச் சொல்ல, அவருடைய மகள்கள் அதை இசைத்துக் காட்டினர். சொல்வதைச் செய்து காட்ட வேண்டும் என்ற ஒழுங்கு அங்கே தெளிவாகத் தெரிகிறது. அடுத்த ஆண்டு அவருடைய 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது.

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி இசை மாநாடு ஒன்று நடந்தது. அதன் பயனாக 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. மாலையில் கச்சேரி, காலையில் வித்துவான்களின் ஆய்வும் விளக்கமும் என்ற அகாடமியின் ஏற்பாடு, கேட்பதும் ஆராய்வதும் ஒன்றுக்கொன்று துணை என்பதைச் சென்னை ரசிகர்களுக்குப் பழக்கியது. ஆனால் காலை அமர்வுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கனவே இசை அறிந்தவர்கள். இசை அறியாத இளைஞர் முன் இந்த வடிவத்தை வைக்கும் பொறுப்பு கல்லூரிகளுக்கு வந்தது.

கல்லூரிக்குள் இசை

சென்னை ராணி மேரி கல்லூரி 1914இல் தொடங்கியது. அங்கே இசை ஒரு பாடமானபோது, பாடத் தெரிந்த பெண்கள் அதைப் பட்டப் படிப்பின் பகுதியாகவே கற்கும் வழி பிறந்தது. அங்கே கற்பித்த பி. சாம்பமூர்த்தி (1901–1973) பின்னர் சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறையை நெடுங்காலம் வழிநடத்தினார். ஜெர்மனிக்குச் சென்று மேற்கத்திய இசைக் கல்வி முறையையும் பயின்றவர் அவர். வாய்மொழியாக வந்த இசை இலக்கணத்தை வகுப்பறைக்கு ஏற்ற பாடநூலாக்கியதில் அவருடைய பங்கு மிகப் பெரியது. விடுமுறைக் காலத்தில் ஆசிரியர்களுக்காகக் கோடை இசைப் பள்ளியையும் நடத்தினார். சில வாரங்களில் முடியும் இசைப் பட்டறைக்குத் தமிழகத்தில் அது நல்ல முன்மாதிரி.

சிதம்பரத்தில் நடந்தது இன்னும் பெரிய மாற்றம். அண்ணாமலைச் செட்டியார் 1920இல் அங்கே மீனாட்சி கல்லூரியை நிறுவினார். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தபோது இசைக் கல்லூரியும் அதில் இடம்பெற்றது. சபேசய்யர், டைகர் வரதாச்சாரியார், பொன்னையா பிள்ளை ஆகியோர் அங்கே கற்பித்தனர். பிற்காலத்தில் தண்டபாணி தேசிகர் தலைமை ஏற்றார். படிப்பை முடித்தவர்கள் பெற்ற பட்டம் 'சங்கீத பூஷணம்'. குரு வீட்டில் தங்கிக் கற்பது போய், மாணவர் விடுதியும் ஆசிரியர் வீடும் ஒரே வளாகத்தில் அமைந்தன. ஒரே குருவின் பாணியை மட்டும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மூன்று நான்கு பெரியவர்களின் பாணியை ஒப்பிட்டுக் கேட்கும் வாய்ப்பு அமைந்தது. இந்த ஒப்பீடு தனிக் குருகுலத்தில் எளிதில் கிடைக்காதது.

1941 ஆகஸ்டில் தமிழிசை மாநாடு அதே வளாகத்தில் கூடியது. கச்சேரியில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்ற கோரிக்கை அங்கிருந்து நாடெங்கும் பரவியது. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் அமைந்தது. தமிழில் பாடுவதற்குப் போதுமான உருப்படிகள் இல்லை என்று சொன்னவர்களுக்குப் பல்கலைக்கழகம் விவாதத்தால் மட்டும் பதில் சொல்லவில்லை. தமிழ்ப் பாடல்களை ஸ்வரக் குறிப்போடு நூல்வரிசையாக அச்சிட்டுக் கொடுத்தது. வளாகத்தில் எழுந்த கேள்வி, கச்சேரி மேடையின் பாட்டு வரிசையையே மாற்றியது.

இந்தப் பல்கலைக்கழகத்தில் 1931 முதல் 1933 வரை தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் மட்டக்களப்பைச் சேர்ந்த விபுலாநந்த அடிகள். பழந்தமிழ் யாழைப் பற்றிய அவருடைய நீண்ட ஆய்வு 1947இல் 'யாழ் நூல்' ஆக வெளிவந்தது. திருக்கொள்ளம்பூதூரில் நடந்த அரங்கேற்றத்தில், அவர் ஆராய்ந்து கண்ட வடிவில் செய்த யாழ்கள் இசைக்கப்பட்டன. நூல் சொல்வதைக் காதும் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை.

வளவனூரிலிருந்து வெஸ்லியன் வரை

விளக்கக் கச்சேரியைத் தனிக் கலையாக வளர்த்தவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் எஸ். ராமநாதன் (1917–1988). விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே உள்ள வளவனூரில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சங்கீத பூஷணம் பெற்றவர். வாய்ப்பாட்டு, வீணை இரண்டிலும் தேர்ந்தவர். அவருடைய ஆய்வின் மையம் சிலப்பதிகாரத்தின் இசை.

சிலம்பு சொல்லும் ஏழு ஸ்வரங்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். அவற்றால் அமையும் அடிப்படைப் பாலை, அதாவது ஏழு ஸ்வர அடுக்கு, செம்பாலை. அது இன்றைய ஹரிகாம்போதி என்பது ராமநாதன் எடுத்துக்காட்டிய முடிவு. இதைத் தாளில் படிப்பவருக்கு அது ஒரு பெயர்ப் பட்டியல். பாடிக் கேட்பவருக்கு அதுவே ஒரு கண்டுபிடிப்பு. ஹரிகாம்போதியின் ஸ்வரங்களை மாற்றாமல், துத்தத்தை, அதாவது ரிஷபத்தை, ஆதாரமாகக் கொண்டு பாடினால் நடபைரவி வரும், அது படுமலைப்பாலை. உழையாகிய மத்தியமத்தைக் குரலாக்கினால் சங்கராபரணம், அது அரும்பாலை. இளியிலிருந்து கரகரப்பிரியா, விளரியிலிருந்து தோடி, தாரத்திலிருந்து கல்யாணி. முறையே கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை. கைக்கிளையிலிருந்து எழும் செவ்வழிப்பாலையில் மட்டும் பஞ்சமம் நிற்காது. இத்தனையையும் ஒரு தம்புராவும் ஒரு குரலும் கால் மணி நேரத்தில் காட்டிவிடும். இளங்கோவடிகள் காலத்து இசைக்கும் இன்றைய மேடைக்கும் இடையே உள்ள உறவை மாணவர் தம் காதாலேயே உணர்வார்.

இந்த ஆய்வுக்காக ராமநாதன் முனைவர் பட்டம் பெற்றது அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், 1974இல். மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது 1985இல் அவருக்குக் கிடைத்தது.

வெஸ்லியன் வளாகத்துக்குத் தமிழிசை சென்றது வீணை தனம்மாள் குடும்பத்தின் வழியாக. 1960களின் தொடக்கத்தில் அந்தக் குடும்பத்து நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி அங்கே கற்பித்தார்; அவருடைய தம்பி டி. ரங்கநாதன் 1963 முதல் அங்கே மிருதங்கம் சொல்லிக் கொடுத்தார். இன்னொரு தம்பியான புல்லாங்குழல் விஸ்வநாதன், சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைமை ஏற்றிருந்துவிட்டுப் பிறகு அமெரிக்காவுக்குச் சென்று, 1975 முதல் 2002இல் மறையும் வரை வெஸ்லியனில் இருந்தார். இசைப் பேராசிரியர் ராபர்ட் பிரவுன் அங்கே நடத்திய 'கறிக் கச்சேரிகள்' பெயர்பெற்றவை. சாப்பாடும் பாட்டும் பேச்சுமாக இரவு நீளும். மேடைக்கும் கூட்டத்துக்கும் இடைவெளி இராது. 1970களில் அங்கே தொடங்கிய நவராத்திரி விழா ஆண்டுதோறும் நடக்கிறது. அந்த வளாகத்தில் கேட்கத் தொடங்கிய மாணவர் ஒருவர்தான் ஜான் ஹிக்கின்ஸ். இந்தியாவுக்கு வந்து விஸ்வநாதனிடம் பயின்ற அவர் 1965இல் திருவையாறு தியாகராஜ ஆராதனையில் பாடினார். ஹிக்கின்ஸ் பாகவதர் என்று தமிழ் ரசிகர்கள் அவரை ஏற்றுக்கொண்டார்கள்.

தொழில்நுட்ப வளாகங்கள்

இசைத்துறையே இல்லாத வளாகங்களில் இசையை எப்படிக் கேட்க வைப்பது? நியூயார்க்கில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது தாகர் குடும்பத்தாரின் துருபத் கச்சேரியைக் கேட்ட கிரண் சேத், நாடு திரும்பி டெல்லி ஐ.ஐ.டி.யில் ஆசிரியரானதும் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். 1977இல் பிறந்தது ஸ்பிக் மெக்கே இயக்கம். டிக்கெட் கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார வேண்டும். ஏற்பாடு முழுவதும் மாணவர் கையில். கலைஞர் முதலில் பேசுவார், பிறகு பாடுவார், இறுதியில் கேள்விகளுக்கு விடை சொல்வார். தொடக்க ஆண்டுகளில் கூட்டம் மிகச் சிறியது. இயக்கம் அதற்காகத் தளரவில்லை. 2022இல், எழுபது வயதைக் கடந்த நிலையில், கிரண் சேத் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் சைக்கிளில் புறப்பட்டு, வழியெங்கும் மாணவர்களைச் சந்தித்தார்.

2024 மே மாதம் இந்த இயக்கத்தின் ஒரு வார மாநாடு சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்தது. அதன் தொடக்க நாளில் அந்த வளாகத்தில் இளையராஜா பெயரில் இசை கற்றல், ஆராய்ச்சி மையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பொறியியல் கல்வி நிறுவனம் ஒன்று இசைக்கு நிரந்தர இடம் ஒதுக்க முன்வந்தது, வந்துபோகும் கச்சேரிகள் பல ஆண்டுகளாகத் தயார்செய்த நிலத்தில் விளைந்தது.

ஒரு வாரத்தில் என்ன கற்கலாம்

குறுகிய பட்டறை யாரையும் வித்துவான் ஆக்காது. ஆனால் கேட்கும் காதைத் திறந்துவிடும். பெரும்பாலும் தாளத்தில் தொடங்குவார்கள். கையும் வாயும் இருந்தால் போதும், வாத்தியம் வேண்டாம். ஆதி தாளம் ஒரு லகுவும் இரண்டு துருதமும்: 4, 2, 2 என எட்டு அட்சரம். அதன்மேல் சொற்கட்டு. மூன்றுக்கு 'தகிட', நான்குக்கு 'தகதிமி', ஐந்துக்கு 'தகதகிட', ஏழுக்கு 'தகிடதகதிமி'. கை ஒரே வேகத்தில் போட, வாய் மூன்று காலத்தில் சொல்ல வேண்டும். முதல் நாள் தடுமாறுபவர் மூன்றாம் நாள் சேர்ந்துவிடுவார். அதன்பின் மிருதங்கத் தனி ஆவர்த்தனம் அவருக்கு வெறும் ஓசையாகக் கேட்காது.

பாட்டுக்கு மாயாமாளவகௌளை. பதினைந்தாவது மேளமான இந்த ராகத்தில் சரளி வரிசை தொடங்குவதற்குக் காரணம் உண்டு: கீழ்ப்பாதியான ச ரி க ம எந்த இடைவெளியில் நடக்கிறதோ, அதே இடைவெளியில் மேல்பாதியான ப த நி ச நடக்கிறது. ஒரு பாதியைப் பிடித்தவருக்கு மறுபாதி தானாக வரும்.

இசையைக் கல்லூரிக்குள் கொண்டுவரும் பணியை இலங்கையில் யாழ்ப்பாணத்தின் இராமநாதன் இசைக் கல்லூரி செய்தது. மகாராஜபுரம் சந்தானம் அதன் முதல்வராக இருந்தார். பின்னர் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.

புதுச்சேரிக் கரை

புதுச்சேரியில் இசை ஆய்வு பல்கலைக்கழகத்துக்கு முன்பே வந்தது. 1955இல் கடற்கரையை ஒட்டி நிறுவப்பட்ட பிரெஞ்சு நிறுவனத்தில் அலென் தனியேலு, என்.ஆர். பட் இருவரும் சேர்ந்து புராணங்களில் உள்ள இசை இலக்கணப் பகுதிகளைத் தொகுத்து 1959இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு வெளியிட்டனர். அந்தக் கரையில் வடக்கே நடந்தால் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என்று மீனவர் குடியிருப்புகள் வரும். அவற்றையும் தாண்டி, கருவடிக்குப்பத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இருக்கிறது. நாடக ஆசிரியரான அவர் 1922இல் புதுச்சேரியில் மறைந்தார். அவர் வளர்த்த மேடையில் நடிகரே பாட வேண்டும். ஆர்மோனியமும் மிருதங்கமும் உடன் வரும். நாடகக் கம்பெனியே அந்தக் காலத்து ஏழைச் சிறுவருக்கு இசைப்பள்ளி.

1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த புதுவைப் பல்கலைக்கழகம் இன்னும் வடக்கே காலாப்பட்டில் இருக்கிறது. அதன் நாடகப் பள்ளிக்குச் சுவாமிகளின் பெயரையே சூட்டினார்கள். முதல் இயக்குநராக எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி பொறுப்பேற்றார். கம்பெனி நாடகத்தின் பெருமகன் பெயரைப் பல்கலைக்கழகம் ஒன்று தாங்கியது, மேடைப் பாட்டுக்குக் கல்வி உலகம் காலம் தாழ்த்திச் செலுத்திய மரியாதை. அருகில் உள்ள ஆரோவில்லில் ஸ்வரம் என்ற வாத்தியப் பட்டறை செயல்படுகிறது. அங்கே வாத்தியம் செய்வதும் ஒரு கல்வி.

ஜூன் 21ஆம் நாள் புதுச்சேரிக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. 1982இல் பிரான்ஸ் தொடங்கிய இசைத் திருநாள் அது: தொழில்முறைக் கலைஞரும் பயிலும் மாணவரும் கட்டணம் இல்லாமல் பொது இடத்தில் பாடுவார்கள், வாசிப்பார்கள். அலியான்ஸ் பிரான்சேஸ் வழியாக அது இந்த ஊரில் வேர்பிடித்துவிட்டது.

தஞ்சாவூர் மாநாட்டிலிருந்து காலாப்பட்டு வரை ஒரு செய்தி மாறவில்லை. மூன்றாண்டுப் படிப்பு பாடுபவரை உருவாக்கும். ஒரு பிற்பகல் விளக்கக் கச்சேரி கேட்பவரை உருவாக்கும். கேட்பவர் இல்லாத இசை நிலைக்காது. கல்லூரி ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு பாடகரையும் ஒரு மிருதங்கக் கலைஞரையும் வகுப்பறைக்கு அழைத்துத் தரையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அதற்குப் பெரிய அரங்கும் வேண்டாம், ஒலிபெருக்கியும் வேண்டாம். ஒரு ஜமக்காளமும் கேள்வி கேட்கத் தயங்காத மாணவர்களும் போதும்.