விளம்பரம் என்னும் கடிவாளம்: ஒரு நமீபியப் பத்திரிகையின் வரலாறு

மே 3ஆம் தேதியை உலகப் பத்திரிகைச் சுதந்திர தினம் என்கிறோம். இந்தத் தேதி லண்டனிலோ பாரீசிலோ பிறந்ததல்ல. தென்மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள நமீபியா கொடுத்தது.

1915 முதல் தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்த அந்நாடு 1990 மார்ச் 21இல் விடுதலை பெற்றது. மறு ஆண்டே அதன் தலைநகர் விண்ட்ஹூக்கில், யுனெஸ்கோ ஆதரவில் ஆப்பிரிக்கப் பத்திரிகையாளர்கள் கூடினார்கள். பத்திரிகை என்பது அரசுக்கோ, கட்சிக்கோ, பணத்துக்கோ அடங்கியதாக இருக்கக்கூடாது என்று 1991 மே 3 அன்று பிரகடனம் செய்தார்கள். 1993இல் ஐ.நா. பொதுச்சபை அந்த நாளையே உலக தினமாக்கியது.

இதில் 'பணத்துக்கோ' என்ற சொல்லை வாசக அன்பர்கள் கவனிக்க வேண்டும். அது அனுபவத்தில் வந்த சொல்.

1985இல் க்வென் லிஸ்டர் என்ற பெண்மணி 'தி நமீபியன்' என்ற வார இதழைத் தொடங்கினார். பதிவு செய்யவே 20,000 ராண்ட் டெபாசிட் கட்டு என்றது அன்றைய நிர்வாகம். அவர் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார். வெள்ளையர் கம்பெனிகள் விளம்பரம் தரவில்லை. ஐரோப்பிய நன்கொடையில்தான் பத்திரிகை ஓடியது. 1988இல் அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். அப்படியும் நிற்கவில்லை, 1989இல் நாளிதழாகவே ஆகிவிட்டது.

சுதந்திரம் வந்துவிட்டது, இனி தொல்லை இல்லை என்றுதானே நினைப்போம்? நமீபிய அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவும் பத்திரிகைச் சுதந்திரத்தை எழுத்தில் கொடுத்திருக்கிறது. ஆனால் அரசை அதிகம் குறை சொல்கிறது என்று, 2000ஆம் ஆண்டின் கடைசியில் அதிபர் நுஜோமாவின் அமைச்சரவை அதற்கு அரசு விளம்பரம் கிடையாது என்று முடிவெடுத்தது. அடுத்து, அரசுப் பணத்தில் அந்தப் பேப்பரை வாங்கவும் கூடாது என்றது.

ஆசிரியரை ஜெயிலில் போடவில்லை, அச்சகத்துக்குப் பூட்டுப் போடவில்லை. கல்லாவில் மட்டும் கை வைத்தார்கள். சிறிய நாட்டில் அரசைவிடப் பெரிய விளம்பரதாரர் யார்? இந்தத் தடை 2011 வரை, பத்தாண்டுக்கு மேல் நீடித்தது. ஆனாலும் பத்திரிகை சாகவில்லை. காசு கொடுத்து வாங்கும் வாசகர்கள் கைவிடாததால், நாட்டில் அதிகம் விற்கும் நாளிதழாகவே அது நின்றது. அரசு சார்பில் 'நியூ எரா' நாளிதழும் வானொலி, தொலைக்காட்சியும் இருந்தும் இந்த நிலை!

அது பிழைத்திருந்ததன் பலன் 2019இல் தெரிந்தது. மீன்பிடி உரிமை வழங்குவதில் நடந்த பெரும் லஞ்ச விவகாரத்தை வெளிக்கொண்டுவந்த பத்திரிகைகளில் 'தி நமீபியன்' ஒன்று. இரண்டு அமைச்சர்கள் பதவி விலகினார்கள். 2022இல் தகவல் பெறும் உரிமைச் சட்டமும் நிறைவேறியது.

விளம்பரம் இல்லாமல் அச்சு இல்லை. நம் மலரின் பின்பக்கங்களைப் புரட்டினாலே அது விளங்கும். விளம்பரம் கொடுப்பவன் பக்கத்துக்குத்தான் விலை கொடுக்கிறான், ஆசிரியரின் பேனாவுக்கு அல்ல. வியாபாரியான எனக்கு நமீபியா கற்றுத்தந்த கணக்கு இதுதான்.