முகமறியாத் தேர்வாளர்: இலண்டன் சட்ட இளங்கலைத் தேர்வு குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

1836ஆம் ஆண்டு அரச சாசனம் பெற்ற இலண்டன் பல்கலைக்கழகம் கற்பிப்பதற்காகத் தோன்றியதன்று. கற்பித்தலைக் கல்லூரிகள் ஏற்றன; வினாத்தாள் அமைத்தல், விடைத்தாள் திருத்துதல், பட்டமளித்தல் ஆகியனவே பல்கலைக்கழகத்தின் பணிகளாயின. தொடக்கத்தில், ஏற்புடைய கல்லூரியில் பயின்றதற்குச் சான்று காட்டியவரே தேர்வெழுத முடிந்தது. மருத்துவம் நீங்கலான பட்டங்களுக்கு 1858ஆம் ஆண்டுச் சாசனம் அவ்விதியை நீக்கியது. யாரிடம் பயின்றார், எங்குப் பயின்றார் என்பன அதன்பின் கேட்கப்படவில்லை. 1865இல் மொரிசியசிலும் தேர்வு நடந்தது.

1878இல் பட்டங்கள் பெண்களுக்கும் திறக்கப்பட்டன. எலைசா ஓர்ம் 1888இல் இங்கிலாந்தில் சட்டப் பட்டம் பெற்ற முதல் பெண்மணியானார். ஆயினும் 1919ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அவர் வழக்கறிஞராக இயலவில்லை. தேர்வாளர் பொருட்படுத்தாத வேறுபாட்டை வழக்கறிஞர் மன்றங்கள் பொருட்படுத்தின. கையெழுத்தைக் கண்டதுமே மாணவரை இனங்கண்டுகொள்ளும் நம் போன்ற சிறு துறையினர், முகமறியாத் தேர்வாளரின் நடுநிலையை எளிதாகப் புறந்தள்ள முடியாது.

ஆனால், மாணவரின் முகத்தை அறியாத தேர்வாளர் அவருடைய நாட்டையும் அறிந்திலர். இக்குறை மலாயாவில் நன்கு புலப்பட்டது. இங்கு நில உரிமை டோரன்ஸ் பதிவுமுறையைச் சார்ந்தது. ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் வழிவந்தது. தண்டனைச் சட்டமும் இந்திய மூலமுடையதே. இலண்டன் வினாத்தாளோ ஆங்கிலேய நிலச் சட்டத்தையும் ஆங்கிலேயத் தீர்ப்புகளையுமே வினவியது. மேலும், கற்பனை வழக்கொன்றைத் தந்து கட்சிக்காரருக்கு அறிவுரை கூறுமாறு பணிக்கும் வினா, நெறியை நிகழ்வுக்குப் பொருத்தும் பயிற்சியை வேண்டுவது. எழுதிய விடையைத் திருத்தி விளக்க ஆசிரியர் இல்லாதவர் தீர்ப்புகளின் பெயர்களை மனனம் செய்வதையே நம்பினார். மூன்று மணி நேரத் தாளில் அம்மனனமும் ஓரளவு பயன்பட்டது என்பதே வருந்தத்தக்கது.

சிங்கப்பூரில் 1957இல் மலாயாப் பல்கலைக்கழகம் சட்டக் கல்வியைத் தொடங்கியபோது கற்பிப்பவரே தேர்வாளருமானார். முதலணியினர் 1961இல் பட்டம் பெற்றனர். கோலாலம்பூரில் சட்டப்புலம் 1972இல் அமைந்தது. இலண்டன் தேர்வுவழி அதனால் மறையவில்லை. தனியார் கல்லூரிகளில் பயின்றோர் பலர் அதனையே நாடினர். அவர்கள் மலேசியாவில் வழக்கறிஞராக வேண்டுமாயின், 1976ஆம் ஆண்டுச் சட்டத்தொழில் சட்டத்தின்கீழ் இன்னொரு தேர்வும் எழுத வேண்டியிருந்தது. உள்நாட்டு வழக்கு நடைமுறையும் சாட்சியச் சட்டமும் அதன் பாடங்களாயின.