சத்திரத்து மணி

1801-இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, தம் சத்திரங்கள் தம் பொறுப்பிலேயே இருக்கவேண்டும் என்று ஆங்கிலேய ரெசிடெண்டுக்குக் கடிதம் எழுதினார். இராமேசுவரம் போகும் வழிப்போக்கருக்கு அங்கே என்ன நடந்தது என்பதை அதில் விவரமாகவே சொல்கிறார். சமைத்த சோறு உண்ணாதவருக்கு அரிசியும் மளிகையும் கொடுத்தார்கள். நள்ளிரவில் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் வரலாம் என்று கூவி அழைத்தார்கள். நோயாளிக்கு வைத்தியர் வந்தார். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பேறுகாலம் பார்த்தார்கள். முன்பின் தெரியாதவரை மதிப்பது தனிமனிதரின் நல்ல குணத்தை மட்டும் நம்பி விடப்படவில்லை. அதற்கு மானிய நிலங்கள் இருந்தன, மணியடிக்க ஆள் இருந்தது.

மக்கள் மனதில் ஈரம் வற்றிவிட்டது என்று இன்று அலுத்துக்கொள்பவர்கள் இதைக் காணத் தவறுகிறார்கள். 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு ரயில் ஓடியது. நடைவழி வெறிச்சோட, வழியில் தங்குபவரும் குறைந்தார்கள். மனம் கெடுவதற்கு முன்பே, அதைப் பழக்கிய ஏற்பாடு கலைந்துவிட்டது. சத்திரங்களில் சாதி இல்லையா என்று கேட்பார்கள். இருந்தது, அது பெருங்குறைதான். எல்லாச் சாதியாருக்கும் சோறு என்று மன்னர் எழுதியதற்கு எல்லாருக்கும் ஒரே பந்தி என்று பொருளல்ல. காசியில் சத்திரச் சோறு மறுக்கப்பட்ட இளைஞர் ஈ.வெ. ராமசாமி அந்த அவமானத்தைக் கடைசிவரை மறக்கவில்லை. ஆனால் அந்தக் குறை ஏற்பாட்டோடு பிரிக்கமுடியாதபடி ஒட்டியதல்ல. 1867-இல் வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமசாலை, சாதி பாராமல் இன்றும் பசித்தவருக்குச் சோறு போடுகிறது. அந்த அடுப்புக்கு அரிசியும் விறகும் தவறாமல் வந்துகொண்டிருக்கின்றன.