ஒரே மலையில் இரண்டு தட்டுகள்: ஊவாத் தோட்டப் பதிவுகளைக் காப்பதில் யுனிக்ஸ் மிரரிங்கின் பயனும் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரே தரவை இரண்டு வன்தட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதும் மிரரிங் முறை, சிறிய அலுவலகச் சேர்வர்களில் மலிவாகவும் எளிதாகவும் அமைக்கக்கூடியது. அதை அமைத்துவிட்டாலே தரவு காப்பாற்றப்பட்டுவிட்டது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளை மாவட்டத்தின் தோட்டப் பதிவுகளை முன்வைத்து இக்கட்டுரை அந்த நம்பிக்கையை மறுக்கிறது. மிரரிங் காப்பது வேலையின் தொடர்ச்சியையே. அதையும் பராமரிப்பவர் ஒருவர் இருக்கும்வரைதான் காக்கும். மண்சரிவு, மின்வெட்டு, கொழும்பிலிருந்து தொலைவு ஆகிய மூன்றும் சேர்ந்த ஊவாவில், பதிவைக் காக்கும் பொறுப்பை மலைக்கு வெளியிலுள்ள இன்னொரு பிரதிதான் ஏற்க முடியும்.

1. பதிவின் ஆயுளும் தட்டின் ஆயுளும்

ஹாலிஎல, பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹப்புத்தளைத் தோட்டங்களில் தொழிலாளியின் உழைப்பு முதலில் பதிவாவது செக்ரோல் என்னும் வேலைநாள் பதிவேட்டில்தான். அன்று முழுப்பேர் (முழுநாள் வேலைக் கணக்கு) விழுந்ததா, அரைப்பேரா, கொழுந்து எத்தனை கிலோ என்பதெல்லாம் அதில் ஏறிய பிறகே சம்பளமாகின்றன. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படியும் 1980ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கை நிதிச் சட்டத்தின்படியும் செலுத்த வேண்டிய பங்களிப்புகளுக்கும் அதுவே அடிப்படை. சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் மீளப் பெறலாம். 18 வயதில் மலைக்கு ஏறிய ஒரு பெண்ணின் முதல் மாதப் பதிவு, 32 ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய கோரிக்கைக்குச் சான்றாக நிற்க வேண்டும். வன்தட்டுகளுக்கு உற்பத்தியாளர் தரும் உத்தரவாதமோ பொதுவாக 3 ஆண்டு, மிஞ்சினால் 5 ஆண்டு. ஆகவே ஒரே பதிவு ஆறேழு தலைமுறைத் தட்டுகளைக் கடந்தாக வேண்டும்.

பதிவு வைத்திருப்பவரும் மாறிக்கொண்டே வந்திருக்கிறார். 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசிடம் சென்றன. 1992இல் அவற்றின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு மாறியது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் அலுமாரிகளும் கைமாறின.

மலையகத் தமிழரின் வரலாற்றில் பதிவேடு வெறும் நிர்வாகக் காகிதமாக ஒருபோதும் இருந்ததில்லை. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன்னரான தொடர் வதிவிடத்தை நிரூபிக்கச் சொன்னது: மணமானவருக்கு 7 ஆண்டு, மணமாகாதவருக்கு 10 ஆண்டு. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வதிபவர், அவர்தம் வழித்தோன்றல் என்ற அளவுகோலையே வைத்தது. எந்தத் துண்டு எப்போது குடியுரிமையைத் தீர்மானிக்கும் என்று அதை எழுதியவருக்கே தெரியாத சூழல் இது. செக்ரோல் கணினிக்கு வந்துவிட்ட காலத்தில், தோட்ட அலுவலகத்தின் மூலையில் உள்ள சேர்வர் இந்த வரலாற்றுச் சுமையையும் சேர்த்தே தாங்குகிறது.

2. மிரரிங் செய்வது என்ன?

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் ஆகிய மூவரும் 1988இல் வெளியிட்ட கட்டுரை, மலிவான தட்டுகளை அணிசேர்த்து நம்பகமாக்கும் வழிகளை ரெய்ட் என்ற பெயரில் வகைப்படுத்தியது. அதில் முதல் நிலைதான் மிரரிங். அந்த நடைமுறை அதற்கு முன்பே வழக்கில் இருந்தது. கட்டுரை அதற்கொரு வரிசை எண்ணைக் கொடுத்தது. இன்று யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில், அதாவது லினக்ஸில் எம்டி இயக்கி, ஃப்ரீபிஎஸ்டியில் ஜிமிரர், சன் நிறுவனத்தில் பிறந்த இசட்எஃப்எஸ் ஆகியவை இதைத் தனி வன்பொருள் எதுவும் இல்லாமலே செய்கின்றன.

தனி ரெய்ட் அட்டை வாங்குவதே மேல் என்று விற்பனையாளர் சொல்வதுண்டு. பதுளைக்கு அந்த அறிவுரை பொருந்தாது. பெரும்பாலான அட்டைகள் தட்டில் தமக்கே உரிய வடிவத்தில் எழுதுகின்றன. அட்டை பழுதானால் அதே வகை அட்டை வேண்டும். அது கொழும்பிலும் கையிருப்பில் இருக்குமென்று சொல்ல முடியாது. கோட்டையிலிருந்து பதுளைக்கு ரயில் பாதையே ஏறத்தாழ 290 கிலோமீட்டர். எம்டி எழுதிய தட்டையோ வேறெந்த லினக்ஸ் கணினியில் மாட்டினாலும் திறந்துவிடலாம். உதிரிப்பாகம் எளிதில் கிடைக்காத இடத்தில், எங்கும் கிடைக்கும் மென்பொருளே பாதுகாப்பானது.

3. அமைக்கும்போது தவறவிடப்படுபவை

அணியை உருவாக்கும் கட்டளை ஒரே வரி. தவறுகள் நேர்வது அந்த வரிக்கு வெளியேதான்.

முதலாவது, தட்டுத் தேர்வு. ஒரே கடையில் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு தட்டுகள் ஒரே உற்பத்திக் குறையைச் சுமந்து, அடுத்தடுத்து விழக்கூடும். வெவ்வேறு தயாரிப்புகளை, முடிந்தால் வெவ்வேறு மாதங்களில் வாங்குவது நல்லது. அத்துடன் தட்டின் கொள்ளளவு முழுவதையும் பயன்படுத்தாமல் கடைசியில் சிறிது இடம் விட வேண்டும். நாளை மாற்றாக வரும் 4 டெராபைட் தட்டு சில செக்டர்கள் குறைவாக இருந்தாலும் அணி அதை ஏற்காது.

இரண்டாவது, பூட் ஆகும் வழி. தரவு இரண்டு தட்டுகளிலும் இருக்கும். கணினியைத் தொடக்கும் க்ரப் ஏற்றி மட்டும் முதல் தட்டில் தனித்திருக்கும். முதல் தட்டு இறக்கும் நாளில் தரவு பத்திரமாக இருக்கும், சேர்வர் மட்டும் எழாது. புதிய கணினிகளில் பூட் கோப்புகள் தங்கும் இஎஃப்ஐ பிரிவை ஃபர்ம்வேர் நேரடியாகப் படிப்பதால், அது பெரும்பாலும் அணிக்கு வெளியே இருக்கும். அதை இரண்டாம் தட்டிலும் தனியாகப் பிரதி எடுக்க வேண்டும். ஸ்வாப் பகுதியும் அணிக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் தட்டு விழும்போது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களும் சேர்ந்து விழும்.

மூன்றாவது, ஒத்திகை. முதல் தட்டைக் கழற்றிவிட்டுப் பூட் செய்து பார்க்க வேண்டும். அதை மீண்டும் சேர்த்து, ஒத்திசைவு முழுதும் முடிந்த பிறகு, இரண்டாவதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தட்டின் தொடர் இலக்கத்தையும் அதன் தட்டறையின் முகப்பில் எழுதி ஒட்ட வேண்டும். பழுதான தட்டை விட்டு நல்ல தட்டைப் பிடுங்குவது இத்துறையில் அடிக்கடி நடக்கும் விபத்து. தடுக்க ஒரு துண்டுக் காகிதம் போதும்.

4. பராமரிப்பு: எண்கள் சொல்வது

லினக்ஸில் ப்ராக் அடைவிலுள்ள எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்தால், நலமான அணிக்குச் சதுர அடைப்புக்குள் இரண்டு 'யூ' எழுத்துகள் தெரியும். ஒரு தட்டு விழுந்தால் ஒரு 'யூ' போய் அந்த இடத்தில் ஓர் அடிக்கோடு வரும். வெளியே வேறெந்த மாற்றமும் தெரியாது. செக்ரோல் திறக்கும், சம்பளப் பட்டியல் அச்சாகும். மிரரிங்கின் வெற்றியே அதன் ஆபத்தும் ஆகிறது: பழுதை அது பயனரிடமிருந்து மறைத்துவிடுகிறது.

இந்த மறைப்பின் விலையைக் கணக்கிடலாம். கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தட்டுகளின் ஆண்டுப் பழுதுவீதம் முதலாண்டில் 1.7 சதவீதமாகவும் மூன்றாண்டு வயதான தட்டுகளில் 8 சதவீதத்துக்கு மேலாகவும் இருந்தது. வீதம் 8 எனக் கொள்வோம். விழுந்த தட்டை ஒரே நாளில் மாற்றினால், அந்த இடைவெளியில் மற்றதும் விழும் வாய்ப்பு ஏறத்தாழ 4,500இல் ஒன்று. மூன்று மாதம் யாரும் பார்க்காமல் விட்டால் 50இல் ஒன்று. தட்டும் மென்பொருளும் மாறவில்லை; மாறியது யாராவது பார்த்தார்களா என்பது மட்டுமே. இரண்டு தட்டுகளும் ஒரே தொகுதியில் வாங்கியவை என்றால் நிலைமை இதைவிட மோசம், ஏனெனில் பழுதுகள் ஒன்றையொன்று சாராதவை என்பதே இக்கணக்கின் எடுகோள்.

ஆகவே எம்டி-அட்மின் கண்காணிப்பு நிரலின் எச்சரிக்கை மின்னஞ்சல், தினமும் திறக்கப்படும் பெட்டிக்குப் போக வேண்டும்; அது உண்மையில் போய்ச் சேர்கிறதா என்பதையும் சோதனை மடல் அனுப்பிப் பார்க்க வேண்டும். மாற்றுத் தட்டு ஒன்று அலுவலகத்திலேயே பூட்டி வைக்கப்பட வேண்டும்.

முழுத் தட்டையும் படித்துப் பார்க்கும் காலமுறைச் சோதனையும் முக்கியம். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத பழைய பதிவின் செக்டர் கெட்டிருப்பது, மற்றத் தட்டு விழுந்து மீளமைக்கும் நாளில்தான் தெரியவரும். டெபியன் லினக்ஸ் இச்சோதனையை வழக்கமாக மாதத்தின் முதல் ஞாயிறு நள்ளிரவுக்குப் பின் ஓட்டுகிறது. வார இறுதியில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போகும் அலுவலகத்தில் அந்த நேரம் சேர்வர் விழித்திருக்காது. அங்கே நேரத்தை வேலைநாளுக்கு மாற்றாவிட்டால் சோதனை நடக்கும் என்று நம்ப முடியாது.

மின்சாரம் இதனோடு பிணைந்தது. 4 டெராபைட் தட்டை விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் மீளமைக்க ஏழரை மணித்தியாலம் ஆகும். 2022 மார்ச் இறுதியில் இலங்கை நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டைக் கண்டது. 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. மாரிக்கு முந்திய மாதங்களின் பிற்பகல் இடிமழையை ஊவாவில் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எங்கெங்கு எழுதப்பட்டது என்று குறித்துவைக்கும் பிட்மேப் வசதியை இயக்கினால், திடீரென அணைந்த சேர்வர் முழுத் தட்டையும் ஒப்பிடாமல் அந்தப் பகுதிகளை மட்டும் சரிசெய்துகொள்ளும். யுபிஎஸ் மின்கலம் தீருமுன் சேர்வரை ஒழுங்காக அணைக்கும் நிரலும் வேண்டும்.

5. எல்லைகள்

முதல் எல்லை, முரண்பாடு. இரண்டு தட்டுகளும் வெவ்வேறு விடை சொன்னால் எது சரி? எம்டி முரண்களை எண்ணிச் சொல்லும். திருத்தச் சொன்னால் ஒன்றை மற்றதன்மேல் எழுதும். எது உண்மை என்பது அதற்குத் தெரியாது. இரண்டே சாட்சிகள் உள்ள வழக்கில் இருவரும் முரண்பட்டால் நீதவானுக்கு நேரும் இக்கட்டு இதுவே. இசட்எஃப்எஸ் ஒவ்வொரு தொகுதிக்கும் சரிபார்ப்புத் தொகையைத் தனியே வைத்திருப்பதால் கெட்ட பிரதியை இனங்கண்டு நல்லதைக் கொண்டு திருத்துகிறது. பல ஆண்டுகள் தொடப்படாமல் கிடக்கும் பதிவுகளுக்கு இதுவே ஏற்றது.

இரண்டாம் எல்லை, விசுவாசம். அழிக்கச் சொன்னால் மிரரிங் இரண்டு தட்டுகளிலும் அழிக்கும். 2021இல் லங்கா அரசாங்க முகிலில் இருந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் தரவு அழிக்கப்பட்டது. 2023 ஓகஸ்டில் அதே முகிலைப் பணயத் தீநிரல் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் தொலைந்தன; இணைப்பில் இருந்த காப்புப் பிரதியும் சேர்ந்து மறையாக்கம் ஆனது; அந்தக் காலப்பகுதிக்கு இணைப்பற்ற பிரதி இருக்கவில்லை. முகிலுக்கு மாறிவிட்டால் உள்ளூர்ச் சேர்வரின் கவலை தீரும் என்போர் இந்நிகழ்வை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் எல்லை, மலை. 2014 அக்டோபர் 29 காலை பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர் லயன் குடியிருப்புகள்மீது மண் சரிந்தது. காணாமற்போனோர் எத்தனை பேர் என்பதில் முதல் நாட்களில் எண்கள் நூறுக்கும் முந்நூறுக்கும் இடையே தடுமாறின. கிராமப் பதிவேடுகளும் மண்ணில் புதைந்ததாக அதிகாரிகள் அப்போது கூறினர். அங்கு ஆபத்து உண்டென்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மண்சரிவுகள் பதுளை மாவட்டத்தை மீண்டும் கடுமையாகத் தாக்கின. ஒரே பெட்டியில் இரண்டு தட்டு இருந்தாலும் இருபது தட்டு இருந்தாலும், சரியும் சரிவுக்கு அது ஒரே பெட்டிதான்.

6. முன்மொழிவு

ஊவா மாகாணத்தின் புவியமைப்பே ஒரு தீர்வைத் தருகிறது. பதுளை மலை மாவட்டம். அதே மாகாணத்தின் மொனராகலை பெரும்பாலும் தாழ்ந்த வரண்ட நிலம். பதுளையை முடக்கும் அடைமழை மொனராகலை நகரையும் அதே நாளில் அதே விதத்தில் முடக்குவது அரிது. பதுளைப் பக்கத்துப் பதிவுகளின் இரண்டாம் பிரதியை, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தைப் பார்த்துத் தெரிவுசெய்த இடத்தில், மொனராகலையில் வைக்கலாம். பிரதியை அங்குள்ள கணினி இங்கிருந்து இழுத்துக்கொள்ள வேண்டும். இங்குள்ள சேர்வருக்கு அங்கே எழுதும் உரிமை இருக்கக்கூடாது. அப்போது இங்கே புகுந்த தீநிரல் அங்கே நேரடியாகக் கை நீட்ட முடியாது. பழைய நிலைகளைக் காக்கும் ஸ்னாப்ஷாட்டுகளும், மூன்றாவதாக மாதமொருமுறை கழற்றிப் பூட்டிவைக்கும் வெளித்தட்டு ஒன்றும் வேண்டும். மொனராகலைப் பிரதியிலிருந்து ஒரு தொழிலாளியின் பத்தாண்டுக்கு முந்தைய மாதப் பதிவை மீட்டெடுத்துக் காட்டுவதே ஆண்டுக் கணக்காய்வின் கேள்வியாக இருக்க வேண்டும்.

இவ்வளவு இருந்தாலும் மிரரிங் தேவையா என்று கேட்கலாம். தேவை. சம்பள நாளுக்கு முந்திய இரவு ஒரு தட்டு விழுந்தால், மொனராகலைப் பிரதியிலிருந்து முழுச் சேர்வரையும் மீட்க ஒரு நாள் போய்விடும். மிரரிங் அந்த நாளை மிச்சப்படுத்துகிறது. அதன் வேலை அவ்வளவே, அது சிறிய வேலையும் அல்ல. பிழை, அந்த ஒரு நாள் காப்பை முப்பது ஆண்டுக் காப்பாக எண்ணுவதில் உள்ளது. தோட்டக் கம்பனிகளும் பிரதேச செயலகங்களும் கணினி வாங்கும் விலைமனுவில் இரண்டு தட்டு கேட்பதோடு நிறுத்தாமல், எச்சரிக்கை மடல் யாருக்குப் போகும், மாற்றுத் தட்டு எங்கே இருக்கும், தொலைப் பிரதி எந்த நாளில் சோதிக்கப்படும் என்ற மூன்றையும் ஒருவரின் கடமைப் பட்டியலில் பதவிப் பெயரோடு எழுத வேண்டும். அப்படி எழுதாத இடத்தில் வாங்கிய இரண்டாவது தட்டு, செலவை மட்டுமே இரட்டிப்பாக்கும்.