எச்.ஐ.வி. உறைப்புரத வடிவமைப்பு

எச்.ஐ.வி. உறைப்புரத வடிவமைப்பு என்பது எச்.ஐ.வி. வைரசின் மேற்பரப்பிலுள்ள புரதத்தைத் திருத்தியமைத்துத் தடுப்பூசிக்கு உகந்ததாக்கும் ஆய்வுத்துறை ஆகும். வைரஸ் செல்லுக்குள் நுழையுமுன் அதைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள்களுக்கு இந்தப் புரதம் ஒன்றே இலக்கு. ஹெபடைடிஸ் பி நோய்க்கு, வைரசின் மேற்பரப்புப் புரதத்தை ஈஸ்ட் செல்களில் உற்பத்தி செய்து ஊசியாகப் போட்டதே போதுமானதாக இருந்தது. எச்.ஐ.வி.யில் அந்த வழி பலிக்கவில்லை. ஆகவே அமினோ அமிலங்களை இடமறிந்து மாற்றி, புரதத்தையே புதிதாக அமைக்கும் முறை வளர்ந்தது.

புரதத்தின் அமைப்பு

தொற்றுக்குள்ளான செல்லில் முதலில் ஜி.பி. 160 என்னும் நீண்ட புரதம் உருவாகிறது. அதை ஃபியூரின் நொதி ஜி.பி. 120, ஜி.பி. 41 என இரண்டாக வெட்டுகிறது. இத்தகைய மூன்று இணைகள் சேர்ந்து வைரசின் மேல் ஒரு முள்ளாக நிற்கின்றன. இதுவே மும்மடி எனப்படுகிறது. ஜி.பி. 120 முதலில் டி செல்லின் சி.டி. 4 ஏற்பியையும், அடுத்து சி.சி.ஆர். 5 அல்லது சி.எக்ஸ்.சி.ஆர். 4 என்னும் துணை ஏற்பியையும் பற்றுகிறது. அதைத் தொடர்ந்து ஜி.பி. 41 வடிவம் மாறி, வைரசின் உறையையும் செல்லின் சவ்வையும் ஒன்றாக்குகிறது.

இந்த முள் மூன்று வகைகளில் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குப் பிடிகொடுப்பதில்லை. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது. அவற்றை மனிதச் செல்லே ஒட்டுவதால் உடல் அவற்றை அயற்பொருளாகக் கருதுவதில்லை. அடுத்து, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி படியெடுக்கும்போது பிழைகள் நேர்வதால் புரதத்தின் வெளிப்புற வளையங்கள் ஓயாமல் மாறுகின்றன. மூன்றாவதாக, ஜி.பி. 120, ஜி.பி. 41 இரண்டுக்கும் இடையே வலுவான வேதிப்பிணைப்பு இல்லை. முள் எளிதில் உதிர்கிறது. உதிர்ந்த துண்டுகளுக்கு எதிராக உருவாகும் எதிர்ப்பொருள்கள் முழு வடிவிலுள்ள வைரசைத் தடுப்பதில்லை.

தொடக்க முயற்சிகள்

தனித்த ஜி.பி. 120 புரதத்தைக் கொண்டு வாக்ஸ்ஜென் நிறுவனம் தயாரித்த எய்ட்ஸ்வாக்ஸ் தடுப்பூசி, வட அமெரிக்காவிலும் தாய்லாந்திலும் நடந்த பெரிய சோதனைகளில் பயனளிக்கவில்லை என்பது 2003இல் தெரியவந்தது. அதே புரதத்தை, கேனரிபாக்ஸ் வைரசால் ஆன முதல் ஊசிகளுக்குத் துணையாகச் சேர்த்துத் தாய்லாந்தில் 16,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆர்.வி. 144 சோதனை, 2009இல் 31.2 விழுக்காடு பாதுகாப்பைக் காட்டியது. இம்முறையைத் தென்னாப்பிரிக்காவுக்கு ஏற்ப மாற்றி நடத்திய சோதனை பலனின்றி 2020இல் நிறுத்தப்பட்டது. பல வகை வைரஸ்களின் மரபுவரிசைகளைக் கணினியில் கலந்து உருவாக்கிய ‘மொசைக்’ புரதங்களும் பெருஞ்சோதனைகளில் தோற்றன.

நிலைப்படுத்திய மும்மடி

உதிரும் முள்ளைக் கட்டி நிறுத்துவது முதல் தேவையாயிற்று. ஜான் மூர், ரோஜியர் சாண்டர்ஸ் ஆகியோரின் குழு 2002இல் வெளியிட்ட ‘சோசிப்’ வடிவமைப்பு இதற்கு வழிகாட்டியது. அதில் 501, 605ஆம் இடங்களில் சிஸ்டீன் அமினோ அமிலம் வைக்கப்பட்டது. இவ்விரு சிஸ்டீன்களுக்கும் இடையே உண்டாகும் டைசல்பைடு பிணைப்பு ஜி.பி. 120ஐ ஜி.பி. 41உடன் பூட்டுகிறது. 559ஆம் இடத்தில் ஐசோலூசினுக்குப் பதில் புரோலின் வைக்கப்பட்டது. புரோலின் இருக்கும் இடத்தில் புரதச் சங்கிலி நீண்ட சுருளாக நிமிர முடியாது, எனவே ஜி.பி. 41 சவ்வுகளை ஒன்றாக்கும் இணைப்பு வடிவத்துக்குத் தாவாமல் பழைய நிலையிலேயே நிற்கிறது. ஃபியூரின் வெட்டுமிடம் நொதிக்கு மேலும் ஏற்றதாக்கப்பட்டது. சவ்வில் பதியும் பகுதியை நீக்கி, பின்னர் 664ஆம் அமினோ அமிலத்தோடு சங்கிலி முடிக்கப்பட்டதால் புரதம் நீரில் கரையும் தன்மை பெற்றது.

கென்யாவில் தொற்றுக்குள்ளான ஒரு குழந்தையிடம் கிடைத்த பி.ஜி. 505 வைரஸ் வகை இந்த மாற்றங்களுக்கு மிக நன்றாக இசைந்தது. 2013இல் எக்ஸ்-கதிர்ப் படிகவியல், கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி ஆகிய இரு வழிகளிலும் அதன் முப்பரிமாண அமைப்பு வெளியாயிற்று. புரோலினைக் கொண்டு புரதத்தை இணைப்புக்கு முந்தைய வடிவில் நிறுத்தும் உத்தி, பின்னர் பல கொரோனா தடுப்பூசிகளின் ஸ்பைக் புரதத்திலும் பயன்பட்டது.

நிலைப்படுத்திய மும்மடியைச் செலுத்திய முயல்களில் பி.ஜி. 505 வகையைத் தடுக்கும் எதிர்ப்பொருள்கள் உருவாயின. பிற வகைகளை அவை பெரும்பாலும் தடுக்கவில்லை. பெரும்பாலான வகைகளில் 241, 289ஆம் இடங்களில் சர்க்கரைச் சங்கிலி உண்டு, பி.ஜி. 505இல் இல்லை. முயல்களின் எதிர்ப்பொருள்கள் அந்த இடைவெளியைத்தான் குறிவைத்தன. வைரசில் சவ்வை ஒட்டி மறைந்திருக்கும் அடிப்பகுதியும் கரையும் புரதத்தில் வெளியே தெரிவதால் கவனத்தை ஈர்க்கிறது. இக்குறையைப் போக்க, எம்.ஆர்.என்.ஏ. மூலம் உடற்செல்லின் சவ்விலேயே மும்மடியைப் பதிக்கும் முறை சோதிக்கப்பட்டது. 2025இல் வெளியான முடிவுகளின்படி, சவ்வில் பதிந்த வடிவத்தைப் பெற்றவர்களில் 80 விழுக்காட்டினரிடம் அதே வகை வைரசைத் தடுக்கும் எதிர்ப்பொருள்கள் உருவாயின; கரையும் வடிவத்தில் அது 4 விழுக்காடே.

முன்னோடி செல்களைத் தூண்டுதல்

எச்.ஐ.வி. தொற்றியோரில் சிலருக்கு, ஆண்டுகள் கடந்தபின், பலவகை வைரஸ்களையும் தடுக்கும் பரந்த வீச்சு எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. சி.டி. 4 பற்றும் இடத்தைத் தாக்கும் வி.ஆர்.சி. 01 அவற்றுள் ஒன்று. 2010இல் அறிவிக்கப்பட்ட இது, சோதித்த வகைகளில் சுமார் 90 விழுக்காட்டைத் தடுத்தது. வைரசோடு நெடுங்காலம் போராடிப் பல திடீர்மாற்றங்கள் சேர்ந்த பிறகே, எதிர்ப்பொருளை உருவாக்கும் பி செல் இத்திறனைப் பெறுகிறது. அதன் மாறாத முன்னோடி செல்லோ இயற்கையான உறைப்புரதத்தைப் பற்றுவதேயில்லை.

முன்னோடி பற்றக்கூடிய புரதத்தை முதலில் கொடுத்து, அடுத்தடுத்த ஊசிகளில் இயற்கை வடிவத்தை நோக்கி நகர்த்துவது இச்சிக்கலுக்குக் கண்ட தீர்வு. அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் வில்லியம் ஷீஃப் குழு உருவாக்கிய இ.ஓ.டி.-ஜி.டி. 8, ஜி.பி. 120இன் வெளிப்பகுதியை மட்டும் கொண்ட சிறு புரதம். அதன் 60 படிகள், பாக்டீரியாவின் லூமசீன் சிந்தேஸ் நொதியால் ஆன நானோ துகளின் மேல் அடுக்கப்படுகின்றன. ஒரே துகள் பி செல்லின் மேலுள்ள பல ஏற்பிகளை ஒருசேரப் பற்றுவதால் அரிதான முன்னோடி செல்கள்கூடத் தூண்டப்படுகின்றன.

இதன் முதல் மனிதச் சோதனையான ஐ.ஏ.வி.ஐ. ஜி 001இன் முடிவுகள் 2022இல் வெளியாயின. ஊசி பெற்ற 36 பேரில் 35 பேரிடம் எதிர்பார்த்த வகை பி செல்கள் பெருகின. எஞ்சிய ஒருவரிடம், வி.ஆர்.சி. 01 வகை எதிர்ப்பொருளுக்கு வேண்டிய வி.எச். 1-2 மரபணுவின் ஏற்ற வடிவம் இல்லை. இப்புரதத்தை எம்.ஆர்.என்.ஏ. வடிவில் கொடுத்த சோதனைகள் அமெரிக்காவிலும், ருவாண்டா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளிலும் நடந்து, 2025இல் முடிவுகள் வெளியாயின. அமெரிக்கச் சோதனையில் இரண்டாவதாக வேறொரு புரதத்தைக் கொடுத்தபோது, செல்கள் விரும்பிய திசையில் மேலும் மாற்றமடைந்தன. சிலருக்குத் தோல் தடிப்பும் அரிப்பும் ஏற்பட்டன.

நிலுவையிலுள்ள சிக்கல்கள்

தூண்டப்பட்ட செல்களை முழுத்திறன் பெற்ற எதிர்ப்பொருளாக முதிரச் செய்ய எத்தனை ஊசிகள், எந்த வரிசையில் தேவை என்பது இன்னும் வரையறுக்கப்படவில்லை. ஒரே இலக்கை நம்புவதும் போதாது. வி.ஆர்.சி. 01 எதிர்ப்பொருளையே நேரடியாகச் செலுத்திய சோதனைகளின் முடிவுகள் 2021இல் வெளியாயின. அதற்கு எளிதில் பணியும் வைரஸ் வகைகள் மட்டுமே தடுக்கப்பட்டன, ஒட்டுமொத்தத் தொற்று குறையவில்லை. ஆகவே மும்மடியின் உச்சி, 332ஆம் இடத்துச் சர்க்கரைச் சங்கிலியைச் சுற்றிய பகுதி, ஜி.பி. 41இன் இணைப்புத் துண்டு, சவ்வை ஒட்டிய பகுதி ஆகியவற்றுக்கும் தனித்தனிப் புரதங்கள் வடிவமைக்கப்படுகின்றன. இவற்றில் ஒன்றுகூட இன்னும் பொதுப் பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்படவில்லை.