நாபோத்தின் தோட்டமும் நாகைக் கடற்கரையும்

ஆகாபு அரசன் தன் அரண்மனையை அடுத்திருந்த திராட்சைத் தோட்டத்தை விலைக்குக் கேட்டான். நாபோத்து மறுத்தான். விலை போதாது என்பதற்காக அன்று. அது மூதாதையர் வழிவந்த உரிமைச் சொத்து என்பதற்காக. அரசர்கள் முதல் நூலின் 21-ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் என் நினைவு கீழைத் தஞ்சைக் கடற்கரைக்கே செல்கிறது.

அம்மண்ணின் அண்மை வரலாறு ஒரு கிறிஸ்து பிறப்பு நாளின் இரவிலிருந்து தொடங்குகிறது எனலாம். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் உழைக்கும் தலித் மக்கள் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். அத்துயரம் சர்வோதயத் தொண்டர்களான சங்கரலிங்கம் ஜெகந்நாதனையும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளையும் அங்கே அழைத்து வந்தது. 1981-இல் அவர்கள் ‘லாப்டி’ என்னும் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினர். நிலவுடைமையாளரோடு பேசி, வங்கிக் கடன் பெற்று, நிலமற்றோருக்கு நிலம் வாங்கி, அதைப் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்தனர்.

அப்படிப் பெற்ற நிலங்களுக்கு அருகிலேயே 1990-களின் தொடக்கத்தில் இறால் பண்ணைகள் முளைத்தன. ஏற்றுமதிக்கான வரி இறாலை வளர்க்க, நெல் விளைந்த வயல்கள் குட்டைகளாயின. கடல்நீர் மாதக்கணக்கில் அவற்றில் தேக்கப்பட்டது. உப்பு மண்ணில் ஊறிப் பக்கத்து வயலையும் குடிநீர்க் கிணற்றையும் உவர்ப்பாக்கியது. எஞ்சிய தீனியும் மருந்தும் கலந்த கழிவுநீர் ஓடைகளில் விடப்பட்டது. பண்ணை வேலிகள் மீனவர் கடலுக்குச் செல்லும் வழியை மறித்தன. நடவு, களையெடுப்பு, அறுவடை எனப் பலருக்குக் கூலி தந்த நிலத்தில் சில காவலாட்களே போதுமென்றாயிற்று. ஒருவர் விற்றால் அடுத்தவர் நிலம் உவர்ந்தது. உவர்ந்தபின் அவரும் விற்றார். ஆகாபுக்கு ஓர் ஈசபேல் தேவைப்பட்டாள். இங்கே உப்புநீரே போதுமானதாயிற்று.

எண்பதை நெருங்கிய வயதில் ஜெகந்நாதன் ஊர் ஊராக மக்களைத் திரட்டினார். பேரணி, உண்ணாநோன்பு, சத்தியாகிரகம் என அறவழிகளையே கைக்கொண்டார். 1994-இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். நீதிமன்றத்தின் பணிப்பின்பேரில் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் கடற்கரையை ஆராய்ந்து, தமிழகத்திலும் ஆந்திரத்திலும் இத்தொழிலால் விளையும் சேதம் அதன் வருவாயினும் மிகுதி எனக் கண்டது. 1996 டிசம்பர் 11 அன்று நீதியரசர்கள் குல்தீப் சிங், சாகிர் அகமது ஆகியோர் தீர்ப்பளித்தனர். கடற்கரை ஒழுங்காற்று மண்டலத்தில் மரபுவழிக் குட்டைகள் தவிர்த்த பிற பண்ணைகள் 1997 மார்ச் 31-க்குள் அகற்றப்பட வேண்டும். விளைநிலமும் உப்பளமும் அலையாத்திக் காடும் ஊர்ப் பொதுநிலமும் இறால் குட்டைகளாக மாற்றப்படலாகாது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்பன அதன் சாரம்.

ஏழையின் வழக்கு வென்றது என்று மகிழ்ந்தோம். ஆனால் குறித்த நாள் வருவதற்குள் மறுஆய்வு மனுக்களின்பேரில் தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது. 2005-இல் இயற்றப்பட்ட கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், ஒழுங்காற்று அறிவிக்கையின் தடையிலிருந்து இத்தொழிலை 1991-ஆம் ஆண்டு முதலே விலக்கிவைத்தது. கடலேற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் உரிமம் இல்லை என்ற விதியும் முன்பே இருந்த பண்ணைகளுக்குப் பொருந்தாது எனப்பட்டது. 2023-இன் திருத்தச் சட்டம் அவ்விலக்கை மேலும் உறுதிப்படுத்தியது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாக் கடலிலும் இதையொத்த போராட்டம் உண்டு. வலைக்கூண்டுகளில் வளர்க்கப்படும் சால்மனிலிருந்து நோயும் ஒட்டுண்ணியும் இயற்கைச் சால்மனுக்குப் பரவுகின்றன என முதற்குடி மக்கள் பலர் பல்லாண்டு முறையிட்டனர். 2029 ஜூன் இறுதிக்குள் திறந்த வலைக்கூண்டுகளுக்குத் தடை வரும் என்று அந்நாட்டு அரசு 2024-இல் அறிவித்தது. அறிவிப்பு வேறு, நிறைவேற்றம் வேறு என்பதை நாகை நமக்குக் கற்பித்திருக்கிறது.

அப்படியானால் ஜெகந்நாதன் தோற்றாரா? 2008-இல் அவருக்கும் கிருஷ்ணம்மாளுக்கும் ‘சரியான வாழ்வுரிமை’ விருது கிடைத்தது. 2013-இல் அவர் மறைந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் ‘லவுதாத்தோ சி’ திருமடலில் மண்ணின் கதறலையும் ஏழையின் கதறலையும் சேர்த்துக் கேட்கப் பணித்தார். அவ்விரண்டையும் இருபது ஆண்டுகளுக்கு முன்பே சேர்த்துக் கேட்டவர் இக்காந்தியர். சட்டத்தால் தீர்ப்பை மாற்றலாம். அநீதி நிகழ்ந்தது என்ற சாட்சியத்தை மாற்ற இயலாது. எலியாவின் சொல்லாலும் நாபோத்து உயிர் பெறவில்லை. எனினும் அச்சொல் சொல்லப்பட வேண்டியிருந்தது.

நாபோத்தைக் கொன்றது ஈசபேல் மட்டுமன்று. அவளுடைய மடலுக்குப் பணிந்த நகரப் பெரியோரும்தான். கடற்கரைப் பங்குகளில் பீடமேறும் என் போன்றோர் நெஞ்சில் கைவைத்துக் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: அந்நாள்களில் நாம் எலியாவின் பக்கம் நின்றோமா, பெரியோரின் வரிசையில் நின்றோமா?